பேசுவதற்கென்றே ஓர் அவை



நாடாளுமன்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 'பேசு' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்தது. பேசுவதற்கென்றே நாம் அனுப்பிய அவை எவ்வளவு பேசிற்று என்று வினவுவது நம் கடமையன்றோ? 2019 ஜூனில் முதன்முறை கூடி, 2024 ஜூனில் கலைக்கப்பட்ட பதினேழாவது மக்களவையை எடுத்துக்கொள்வோம்.

1952-இல் அமைந்த முதல் மக்களவை தன் ஐந்தாண்டில் 677 நாள்கள் கூடியது. பதினேழாவது அவை கூடியதோ 274 நாள்களே. கொள்ளைநோய் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் திருத்தத்தை 2023 செப்டம்பரில் விவாதித்து, 454 பேர் ஆதரவுடன் நிறைவேற்றியதும் இதே அவைதான். ஆயினும், முந்திய அவையில் கரூர் உறுப்பினர் தம்பிதுரை வகித்த துணைச் சபாநாயகர் பதவி, இவ்வவையில் இறுதிவரை நிரப்பப்படவேயில்லை.

2020 செப்டம்பரில் மூன்று வேளாண் மசோதாக்கள், எந்தக் குழுவின் ஆய்வுக்கும் அனுப்பப்படாமல் சட்டமாயின. உழவர்கள் ஓராண்டுக் காலம் தில்லியின் எல்லையில் அமர்ந்து போராடினர். 2021 நவம்பர் 29 அன்று, ஒரே நாளில், விவாதமின்றியே இரு அவைகளும் அவற்றை நீக்கின. மரவள்ளியும் மஞ்சளும் விளைவிக்கும் நம் சேலம், நாமக்கல் உழவர்கள் அச்சட்டங்களை விரும்பினரோ வெறுத்தனரோ, அவர்தம் கருத்தைக் குழு முன் உரைக்க வாய்ப்பின்றிப் போயிற்று.

2023 டிசம்பர் 13 அன்று இருவர் பார்வையாளர் மாடத்திலிருந்து அவைக்குள் குதித்துப் புகை பரப்பினர். உள்துறை அமைச்சர் விளக்கம் தரவேண்டும் என்று எதிர்க்கட்சியினர் அவையை நடத்தவிடாது முழங்கினர். அக்கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 14-ஆம் நாள் பட்டியலில் நம் சேலம் உறுப்பினர் பார்த்திபன் பெயரும் இருந்தது. அவரோ அன்று அவைக்கே வரவில்லை! பின்னர் அப்பெயர் நீக்கப்பட்டது. கூச்சல் பேச்சாகாது, வெளியேற்றம் விடையாகாது.

நிலத்தை விற்பதென ஒருவரே முடிவுசெய்து வீட்டாருக்கு அறிவித்தால், முடிவு சரியாயினும் மனங்கள் ஒன்றா. நாட்டிற்கும் அதுவே பொருந்தும்.

ஃபேர்லேண்ட்ஸ் தெருக்களில் வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் குடிநீரும் கேட்கிறோம், கேட்க வேண்டியவைதாம். அவற்றோடு, "எத்தனை நாள் அவைக்குச் சென்றீர்கள்? எங்களுக்காக என்ன கேள்வி எழுப்பினீர்கள்?" என்றும் கேட்போமாக. வருகைப் பதிவும் வினாக்களும் அச்சேறி எவரும் காணக் கிடைக்கின்றன. நாம் கேட்டாலன்றோ அவர்கள் பேசுவர்!