தொட்டியை யார் பார்ப்பது?

கட்டுமானத் தளத்தில் ஒருவருக்கு மலேரியா என்றால் முதல் கேள்வி, "எந்த ஊர்க்காரன்?" சென்னையில் கொசுப்புழு தேடி மொட்டைமாடி ஏணிகளில் பணிக்காலத்தைக் கழித்த சுகாதார ஆய்வாளன் நான். மேஸ்திரியும் அதைத்தான் கேட்பார், குடியிருப்போர் சங்கத் தலைவரும் அதைத்தான் கேட்பார். தொட்டிக்கு மூடி உண்டா என்று எவரும் கேட்டதாக நினைவில்லை.

கிருமி மனிதரோடு ரயிலேறி வரும், உண்மைதான். இறங்கிய ஊரில் அதை வாங்கிப் பரப்பக் கொசு வேண்டுமே! இலங்கையில் அந்த வேலையைச் செய்த அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ், ஆற்றுப்படுகைக் குட்டைகளில் முட்டையிடும். மழைவளம் மிக்க தென்மேற்கில் ஆறுகள் ஓடிக்கொண்டே இருந்ததால் காய்ச்சல் குறைவு. 1934இல் மழை பொய்த்தது. களனி ஆறும் மகா ஓயாவும் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியா பழகாத உடம்புகள். 1934-35இல் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். இதற்கு எந்த வெளியூர்க்காரனைப் பிடிப்பது?

அதே இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னார்க் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீஃபன்சி தென்பட்டது. சென்னையின் கிணறுகளிலும் மாடித்தொட்டிகளிலும் குடியிருக்கும் நம்முடைய பழைய ஆள்தான்! 2018இல் மொனராகலை மாவட்டக் கட்டுமானத் தளம் ஒன்றுக்கு இந்தியாவிலிருந்து போன தொழிலாளியிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. அவரோடு நின்றும் போனது. காய்ச்சல் என்றதும் எங்கே போய்வந்தாய் என்று விசாரித்து, ரத்தம் பார்த்து, சுற்றுவட்டாரத்தில் கொசுவைத் தேடிப் போகும் பழக்கத்தை இலங்கைச் சுகாதாரத் துறையினர் விடவில்லை.

விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே வெப்பமானி பிடிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் உறங்கும். வந்திறங்கும் அன்று உடம்பு சுடாது. அதை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை விழுங்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், ஐந்தாம் நாள் ஒப்பந்ததாரர் ஆளை வேறு தளத்துக்கு மாற்றியிருப்பார். மாத்திரை அட்டை பாதியில் நிற்கும். ஆள் போகும் தளத்துச் சுகாதார நிலையத்துக்கு அவர் பெயர் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். ரத்தம் கொடுக்கப் போன நாளுக்குக் கூலி பிடிக்கவும் கூடாது.

தமிழ்நாட்டின் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசு வளரும் தண்ணீருக்கு இடத்தின் உரிமையாளரையும் அதை வைத்திருப்பவரையுமே பொறுப்பாக்குகிறது. நோட்டீஸை அவர்கள் பெயருக்கு அனுப்புங்கள்.