பலூன் சொல்லும் தீர்ப்பு

மும்பை காந்திவலியில் அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார் பைலட் அமோல் யாதவ். 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். 2017-ல் பதிவு எண்ணும் கிடைத்தது. எங்கள் பீர்க்கன்கரணையில் மாடியில் வடாம் காயப்போடவே அசோசியேஷன் அனுமதி வேண்டும்.

வீட்டு விமானத்துக்கு எஞ்சின் விலைக்குக் கிடைக்கும். டாங்க்தான் பேஜார். அமெரிக்க 'வேன்ஸ்' கிட் விமானங்கள் பலவற்றில் இறக்கையின் முன்பகுதியே பெட்ரோல் டாங்க். அலுமினியத் தகடு, நூற்றுக்கணக்கில் ரிவெட். ஒவ்வொன்றும் ஒழுகக் காத்திருக்கும் ஓட்டை! அடைக்க பாலிசல்ஃபைடு பசை. இரண்டு பொருளை எடைபோட்டுக் கலந்து, இறுகுவதற்குள் பூசி முடிக்கணும். வெயிலில் சீக்கிரம் இறுகும். கை, சட்டை, கதவுப் பிடி எல்லாவற்றிலும் ஒட்டும்.

காய்ந்ததும் பரீட்சை. துளைகளை மூடி, ஒன்றில் பலூன் மாட்டி, லேசாகக் காற்றடைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணி தடவுவார்கள். ஜி.எஸ்.டி. ரோடு பஞ்சர் கடையில் டியூபை பக்கெட்டில் அமுக்குகிற அதே சயன்ஸ்தான். குமிழி வந்தால் மறுபடி பசை.

ராத்திரிக் குளிரில் பலூன் தானாகவே கொஞ்சம் சுருங்கும். ஆபத்து இங்கேதான். 'குளிராத்தான் இருக்கும்' என்று மனசு சாக்கு சொல்லும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடலாம் என்று எனக்கு பி.காமில் சொல்லித் தந்தார்கள். பைக்கில் பெட்ரோல் ஒழுகினால் இரும்புலியூரில் ஓரங்கட்டலாம்.

3,000 அடியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும் இல்லை, ஓரமும் இல்லை.