வெட்டியவன் கைதி, பெயர் சாப்மனுக்கா?

தென்னாப்பிரிக்காவிலே, கேப் டவுன் நகருக்குத் தெற்கே, ஹவுட் பே என்னும் மீன்பிடி துறையிலிருந்து நூர்ட்ஹுக் வரை கடலோரமாக ஒரு மலைச்சாலை. நீளம் 9 கிலோ மீட்டர்தான், வளைவுகளோ 114! ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறம் அட்லாண்டிக் மாகடல். சுங்கச்சாவடியில் பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் நாம் உள்ளே போனோம். அழகா என்று கேட்பீர்கள். அழகுதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் தோழர்களே, அந்த அழகான பாதையை அமைத்த கை எவன் கை?

மலைக்குப் பெயர் சாப்மன் சிகரம். யார் இந்தச் சாப்மன்? 1607இல் காற்றில்லாமல் நின்றுபோன ஓர் ஆங்கிலக் கப்பலிலிருந்து, "கரையைப் பார்த்து வா" என்று படகில் அனுப்பப்பட்டவன். வந்தான், பார்த்தான், மலை அவன் பெயராயிற்று! சாலை போடச் சொன்னவர் கேப் மாகாணத்தின் முதல் நிர்வாகி சர் டி வால். 1922இல் திறந்து வைத்தவர் கவர்னர் ஜெனரல் ஆர்தர் இளவரசர். 1915 முதல் ஏழாண்டுக் காலம் பாறையைப் பிளந்தவர்கள்? சிறைக் கைதிகள்! கீழே கருங்கல், மேலே மணற்பாறை. இரண்டும் சேருமிடத்திலே, தலைக்கு மேல் தளர்ந்த கல் தொங்க, காலுக்குக் கீழே கடல் குமுற, கொத்திக் கொத்திப் பாதை கண்டவர்கள் அவர்கள்.

அந்தப் பாறை இன்றும் உதிர்கிறது. கல் சரிந்து ஒருவர் மாண்டபின், 2000 ஜனவரியில் சாலையை மூடினார்கள். இரும்பு வலை கட்டி, மலையைக் குடைந்து பாதிச் சுரங்கம் அமைத்து, 2003 டிசம்பரில் திறந்தார்கள், சுங்கத்தோடு! வலை வேண்டாம் என்போமா நாம்? உயிர் காக்கும் வலை அது. ஆனால் உயிரைக் காப்பது அரசாங்கத்தின் கடமையா, தனியார் குத்தகையா? சுற்றுலாக்காரனுக்கு அது சில்லறை. அன்றாடம் வேலைக்குப் போகிறவனுக்கு? அடிக்கடி போகிறவர்களுக்குச் சலுகை உண்டாம். சலுகை போக மிச்சமும் காசுதானே!

கேப் டவுனிலே டி வால் பெயரால் இன்னொரு சாலை இருந்தது. 1960 மார்ச் 30இல், கறுப்பு மக்களின் கழுத்தை நெரித்த அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துச் சுமார் 30,000 பேர் அவ்வழியே நகருக்குள் நடந்தார்கள். முன்னே நடந்தவர் 23 வயது மாணவர் பிலிப் கோசானா. 2017இல் அந்தச் சாலைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். டி வால் பெயர் போயிற்று. சாலை எங்கும் போய்விடவில்லை!

சாப்மன் பெயரையும் எடுத்தெறியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்களே ஒரு சுங்கச் சீட்டு, அதன் பின்புறத்திலே, "இப்பாதையை வெட்டியவர்கள் சிறைக் கைதிகள்" என்று ஒரு வரி அச்சடிக்கட்டும்.