விசில் வைத்திருப்பவரின் சாதி

'மைதானத்தில் சாதி இல்லை, திறமை மட்டும்தான்' என்பது விளையாட்டைப் பற்றி இந்தச் சமூகம் சொல்லிவரும் மிக வசதியான பொய். இடஒதுக்கீட்டுக்கு எதிராக நிறுத்தப்படும் அதே தகுதி-திறமை வாதம்தான் இங்கே டிராக் சூட் போட்டுக்கொண்டு வருகிறது.

2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பட்டியல் சாதி மாணவர் ஒருவரை வழிமறித்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரமே காரணம் என்றது மாணவரின் குடும்பம். சாதி இல்லாத மைதானத்தில் வென்றதற்கு ஏன் விரல்களை இழக்க வேண்டும்?

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் காலனிக்குக் கபடி சொல்லிக்கொடுத்த அண்ணன் பகலில் கொத்து வேலை பார்த்தார். ஒரு பைசா வாங்கியதில்லை. ஊருக்குள் அவருக்குக் கிடைத்த பெயர், 'பசங்களைக் கெடுக்கிறவன்'. 2014இல் புரோ கபடி வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் அரசு வேலையும் உண்டு என்பது பரவலாகத் தெரிந்தது. அன்று 'விளையாட்டு சோறு போடுமா' என்று கேட்ட ஊர், இன்று அகாடமி வாசலில் பணத்தோடு நிற்கிறது. பயிற்சியாளர் இப்போது 'சார்'.

மரியாதை வந்ததில் எனக்கு வருத்தமில்லை. மரியாதையோடு வந்த அதிகாரத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் சிக்கல். யாரை அணியில் எடுப்பது, யாரை உட்கார வைப்பது என்பது அவர் கையில். மண்ணில் வெறுங்காலில் ஆடிப் பழகிய பிள்ளை, தேர்வு நாளில்தான் முதன்முதலாக ஷூ போட்டு மேட்டில் இறங்குகிறது. அன்று வழுக்கினால் 'திறமை போதாது' என்று எழுதிவிடுகிறார்கள். வழுக்கியது பிள்ளையா, ஏற்பாடா?

இது புதிதல்ல. பல்வங்கர் பாலு புனேயில் ஐரோப்பியர் கிளப்பின் மைதானப் பணியாளராக இருந்தவர். வெள்ளைக்காரத் துரைகள் பேட்டிங் பழக மணிக்கணக்கில் பந்து வீசினார். அவர் கையில் மட்டையைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு இந்துக்கள் அணிக்கு அவருடைய பந்துவீச்சு தேவைப்பட்டது. ஆனாலும் தேநீர் இடைவேளையில் வெளியே தனிக்குவளை; கேப்டன் பதவி கடைசிவரை இல்லை. அவரது உழைப்பு வேண்டும், அவர் வேண்டாம்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களின் ஊர் அது. குற்றச் செய்திக்கு மட்டும் அங்கே போன கேமராக்கள் அன்று மாலையோடு போயின. பதக்கத்துக்கு முன்பு எங்கே இருந்தீர்கள்?

பள்ளிகளில் சாதிக் கயிற்றைத் தடைசெய்ய வேண்டும் என்று 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. அதே நிறங்கள் ஊர்ப் போட்டிகளில் பனியனாகத் திரிகின்றன. அந்தப் பனியனை எடுத்துக் கொடுக்கிற பயிற்சியாளர் நடுநிலையாளர் அல்ல.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் மேட்டும் முழுநேரப் பயிற்சியாளரும் வேண்டும். தேர்வு மதிப்பெண்கள் பொதுவில் ஒட்டப்பட வேண்டும். பயிற்சியாளர் சான்றிதழ் வாங்குபவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் படித்திருக்க வேண்டும். ஜெயித்த பிள்ளை பத்திரமாக வீடு சேர்வதும் அவர் பொறுப்புதான். 'சார்' என்ற மரியாதைக்கு இது அதிகமான விலை அல்ல.