ஊழியன் யார்?

ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்த நம் பெரியவர்கள் கடைசி வரியில் 'யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று போட்டுத்தான் கையெழுத்திடுவார்கள். 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று அர்த்தம். வெள்ளையன் 1947-ல் போய்விட்டான். அந்த வரி மட்டும் இன்னும் சிலரை விட்டபாடில்லை.

சகோதரர்களே! அந்த மனு யாருக்குப் போகிறது? மினிஸ்டருக்கு. மினிஸ்டர் என்ற லத்தீன் சொல்லின் பொருளே ஊழியன்தான்! ஊழியனிடம் போய், 'நான் உங்கள் ஊழியன்' என்று கைகட்டி நிற்கிறோம்.

கலெக்டர் என்றால் வசூலிப்பவர். கிழக்கிந்தியக் கம்பெனி 1772-ல் வங்காளத்தில் நிலவரி வசூலுக்காக ஏற்படுத்திய பதவி அது. நாம் அவரை 'ஆட்சித் தலைவர்' ஆக்கிவிட்டோம். ஆங்கிலேயன்கூட அவ்வளவு தூரம் போகவில்லை!

கவர்ன்மென்ட் என்பதற்கு கிரேக்க மூலத்தில் சுக்கான் பிடிப்பது என்று பொருள். காயல்பட்டினத்து, கீழக்கரை வணிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுக்கான் பிடிப்பவன் கப்பலுக்குச் சொந்தக்காரன் அல்லன்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் அரசு அதிகாரியைக் குறித்த சொல் 'பப்ளிக் சர்வன்ட்', அதாவது பொது ஊழியர். 2024-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. உங்கள் கடைக்குச் சோதனைக்கு வரும் வரி அதிகாரியும் அதில் அடக்கம்.

இளைஞர்களே, ஊர்ச் சாலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தெரிய வேண்டுமா? 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பம் போடுங்கள். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் காரணம் கேட்கக் கூடாது. கடைசி வரியில் உங்கள் பெயரை மட்டும் எழுதுங்கள்.