பரையா: ஓர் ஆங்கிலச் சொல்லின் சாதிச் சான்றிதழ்

எங்கள் சேரி இரவுப் பள்ளியில் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற தம்பி ஒருவன். கையில் கைடு. ஒரு ஆங்கிலச் சொல், அதற்கு நேராக அதே பொருளில் இன்னொரு ஆங்கிலச் சொல், இரண்டையும் உருப்போட வேண்டும். 'பரியா – அவுட்காஸ்ட், பரியா – அவுட்காஸ்ட்' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். "தம்பி, அது பரியா இல்ல, பரையா" என்றேன். "பி, ஏ, ஆர், ஐ, ஏ, எச். பரியான்னுதானண்ணே வருது?" என்றான். பிறகு நான் சொன்னபடி ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். நிறுத்தினான். "நம்மளத்தான் சொல்றானா?"

நம்மளத்தான். அன்றைக்கு அவனுக்கு முழுசாகச் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இந்தத் தலையங்கமாக எழுதுகிறோம்.

எழுத்திலிருந்தே தொடங்கலாம். 'பறையர்' என்கிற பன்மையிலிருந்து பிறந்த சொல் இது என்று ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. முதலில் காதில் வாங்கியவன் போர்த்துக்கீசியன். 1516 வாக்கிலேயே துவார்த்தே பார்போசா, மலபார்க் கரையைப் பற்றி எழுதும்போது இந்தப் பேரைக் குறித்துவைத்தார். பார்த்தாலே தீட்டு என்று அங்கே சொன்னதையும் சேர்த்தே எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கம்பெனிக்காரர்கள் ஆரம்பத்தில் கடைசியில் ஒரு 'ர்' போட்டு, ஏறக்குறைய நாம் சொல்கிற மாதிரிதான் எழுதினார்கள். நம்முடைய வல்லின றகரம் கப்பல் ஏறும்போதே போயிற்று. அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு ஆர். பிறகு அந்தக் கடைசி 'ர்' உம் உதிர்ந்தது. தமிழில் 'அர்' என்பது பன்மை மட்டுமல்ல, மரியாதையும்கூட. மரியாதை உதிர்ந்த இடத்தில், உச்சரிக்கவே படாத ஒரு எச் வந்து உட்கார்ந்துகொண்டது. மெசையாவுக்கும் ராஜாவுக்கும் வெள்ளைக்காரன் வாலில் ஒட்டுகிற அதே எச்! ரட்சகருக்கும் ராஜாவுக்கும் கொடுத்ததை நமக்கும் கொடுத்திருக்கிறான், சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

ஒரு சாதியின் பெயர் எப்படி உலகத்துக்கே பொதுவான வசையாயிற்று? 1886இல் யூலும் பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி இதற்குச் சாட்சி. தமிழ்நாட்டில் தொகை மிகுந்த சாதிகளில் ஒன்று; சென்னையில் ஐரோப்பியர் வீட்டு வேலைக்காரர்களில் பெரும்பாலோர் இவர்களே; அதனால் வெள்ளைக்காரர்கள் தங்கள் கண்ணில் அதிகம் பட்ட இந்தப் பெயரையே கீழ்நிலைச் சாதிகள் எல்லாருக்கும், சாதியிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கும் சூட்டிவிட்டார்கள்; இது அவ்வளவு சரியான வழக்கு அல்ல. இப்படி அவர்களே எழுதுகிறார்கள். கூடவே குடி, செத்த மாட்டுக்கறி என்று நமக்கு நற்சான்றிதழும் வழங்குகிறார்கள். கவனியுங்கள் தோழர்களே: வெள்ளைக்காரனுக்குச் சோறு ஆக்கிப்போட்டது, குதிரை தேய்த்தது, குழந்தை தூக்கியது எல்லாம் நம்மவர்கள். அவன் வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களின் பெயர்தான் அவன் மொழியில் 'வெளியே நிற்பவன்' என்று ஆயிற்று. பள்ளருக்கும் அருந்ததியருக்கும் புதிரை வண்ணாருக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அதையெல்லாம் இந்த ஒற்றைச் சொல் விழுங்கிவிட்டது.

பிரெஞ்சில் புரட்சிக் காலத்திலேயே பறையன் ஒருவனை நல்லவனாக வைத்துக் கதை எழுதினார் பெர்னார்தென் தெ சென்பியேர். ஜெர்மனியில் 1824இல் கோத்தே 'பரியா' என்ற தலைப்பில் கவிதைகளையே வெளியிட்டார். நம்மை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் நமக்காகக் கண்ணீர் விட்டார்கள். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரனோ தெருநாயைப் 'பரையா டாக்' என்றான், நம் ஊர்ப் பருந்தைப் 'பரையா கைட்' என்றான். நாயும் பருந்தும் நம் பேரில் பூச்சி பொட்டு ஆராய்ச்சிப் புத்தகங்கள் வரைக்கும் போயின.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் அந்த அரசை உலகம் என்ன பேர் சொல்லி ஒதுக்கியது? 'பரையா ஸ்டேட்'. கறுப்பு மக்களைச் சேரியில் அடைத்து, கைச்சீட்டு இல்லாமல் தெருவில் நடக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் வெள்ளையன். அவன் செய்த குற்றத்துக்குத் தண்டனையாக அவனுக்குச் சூட்டப்பட்டது நம்முடைய பெயர். அங்கே நம்மைப் போல் இருந்தவர்கள் கறுப்பர்கள். நம் பெயர் போய்ச் சேர்ந்ததோ அவர்களை மிதித்தவனுக்கு. 2018இல் பத்திரிகையாளர் கஷோகி கொல்லப்பட்டார். மறு வருஷம் நவம்பரில், அமெரிக்க அதிபர் வேட்பாளராக நின்ற பைடன் மேடையில் சொன்னார்: சவுதி அரேபியாவைப் 'பரையா' ஆக்குவோம் என்று.

என்ன நடந்திருக்கிறது பாருங்கள். ஊரை விட்டு நம்மைத் தள்ளிவைத்ததற்கு நாம் எந்தக் கொலையும் செய்யவில்லை, எந்த நாட்டையும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கிற உலகத்து மனுசனுக்கு இப்போது என்ன படுகிறது? 'பரையா' என்றால் ஏதோ தப்பு செய்தவன், அதனால் ஒதுக்கப்பட்டவன். சாதி இந்து மனு தர்மத்தை வைத்துச் சொன்ன அதே நியாயம், போன ஜென்மத்துப் பாவம் என்கிற அதே பொய், ஆங்கிலத்தில் அரசியல் சொல்லாடலாக மறுபடி கட்டமைக்கப்பட்டிருக்கிறது. அகராதியில் 'ஒதுக்கப்பட்டவர்' என்று போட்டிருக்கிறது. ஒதுக்கியவன் யார்? எழுவாயைக் காணோம்.

இன்னொன்று. இதே சொல்லைத் தமிழில், ஊர்ப் பொது இடத்தில், அவமானப்படுத்தும் நோக்கத்தோடு ஒரு சாதி இந்து நம்மவரைப் பார்த்துச் சொன்னால் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். (போட்டால் ஸ்டேஷனில் வாங்குவார்களா என்பது வேறு தலையங்கம்.) ஆங்கிலப் பேப்பரில் எழுதினால் அது நல்ல நடை.

இந்தப் பேரை வைத்து நமக்குள் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகை தொடங்கினார். எதைச் சொல்லி ஏசினார்களோ அதையே தலைப்பில் அச்சடித்தார். அயோத்திதாசப் பண்டிதர் அதை ஏற்கவில்லை. அந்தப் பேரே பகைவன் சூட்டியது என்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். 1922இல் எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசாங்கத் தாள்களில் 'ஆதி திராவிடர்' என்று மாற்றவைத்தார். அதே 1922இல் பாரிஸில், பின்னால் ஹோசிமின் என்று உலகம் அறிந்த வியட்நாம் இளைஞர் காலனி நாட்டுத் தோழர்களோடு ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் 'லெ பரியா'! இங்கே நாம் கழற்றிப் போட்ட வருஷத்தில் அங்கே ஒருவர் எடுத்து மாட்டிக்கொண்டார். எடுப்பதா விடுப்பதா என்பது ஒடுக்கப்பட்டவன் தீர்மானிக்கிற விஷயம். சீனிவாசனும் பண்டிதரும் சண்டை போட்டதில் நமக்கு வருத்தமில்லை. அகராதிக்காரன் யாரிடமும் கேட்கவில்லை என்பதுதான் வருத்தம்.

மூலம் என்று வரும்போது அகராதிகள் 'பறை அடிப்பவன்' என்று முடித்துவிடுகின்றன. சேரியில் பறை அடித்தவர் சில பேர். ஏர் பிடித்தவர், நாற்று நட்டவர், அறுத்துப் போரடித்தவர்தான் மீதிப் பேர் எல்லாம். பறைக்கு இன்னொரு பொருளும் உண்டு: சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் பேசுவதற்கு அதுதான் சாதாரண வார்த்தை. யாழ்ப்பாணத்திலும் பேச்சு வழக்கில் பறைகிறார்கள். புறநானூற்று 335ஆம் பாட்டு, பறையனைச் சிறந்த நான்கு குடிகளில் ஒன்றாக எண்ணுகிறது. தள்ளிவைக்கப்பட்டவன் என்கிற பொருள் அந்தப் பாட்டில் இல்லை.

இந்தச் சொல்லை ஆங்கில அகராதியிலிருந்தே தூக்கச் சொல்லிப் போராட வேண்டும் என்று தோழர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. தூக்கிவிட்டால் தடயமும் போய்விடும். இருக்கட்டும், ஆனால் யார் ஒதுக்கினார்கள், எதற்காக என்பதையும் சேர்த்து எழுதச் சொல்வோம். நம் கையில் இருக்கிற காரியம் இது: இந்த இதழில் வரும் மொழிபெயர்ப்புகளில் 'பரையா ஸ்டேட்' என்பதைத் 'தீண்டத்தகாத நாடு' என்று இனி யாரும் எழுத வேண்டாம். 'உலகம் புறக்கணித்த அரசு' என்று எழுதுங்கள், எதற்குப் புறக்கணித்தது என்பதையும் எழுதுங்கள். கூட்டணியில் சீட்டுக் கிடைக்காத கட்சிகள் 'அரசியல் தீண்டாமை' என்று புலம்புகிறதே, அந்த வார்த்தையும் இங்கே அச்சாகாது.

தம்பிக்குப் பரீட்சை வருகிறது. கேள்வியில் அந்தச் சொல் வந்தால் 'அவுட்காஸ்ட்' என்பதையே அமுக்கச் சொல்லியிருக்கிறேன். தப்பானால் கால் மார்க் கழிப்பார்கள். அந்தக் கால் மார்க்கில் வேலை போகும்.