வேகம் 2 மடங்கு, குதிரைத்திறன் 8 மடங்கு: கார் விளம்பரங்கள் சொல்லாத கணக்கு

“எத்தனை பிஎச்பி?” புது கார் பற்றிப் பேச்சு வந்தாலே முதல் கேள்வி இதுதான். 100 என்றால் ‘பரவாயில்ல’, 150 என்றால் ‘செம!’. ஆனால், நெடுஞ்சாலையில் உங்கள் பெட்ரோலையும் பேட்டரியையும் அதிகம் தின்பது எது? அதற்கான பதில் அந்த எண்ணில் இல்லை, காற்றில் இருக்கிறது.

காற்று அவ்வளவு கனமா?

ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. கார் போகிற வழியெல்லாம் இதை ஒதுக்கித் தள்ளிக்கொண்டேதான் போக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், ஒரு நொடியில் எதிர்ப்படும் காற்றும் இரண்டு மடங்கு. அது மோதும் வேகமும் இரண்டு மடங்கு. ஆக, காற்றுத்தடை 4 மடங்கு. அந்தத் தடையை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள வேண்டும் என்பதால், தேவைப்படும் திறன் 8 மடங்கு!

ஒரு சராசரி காருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றைச் சமாளிக்க மட்டும் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 6 குதிரைத்திறன் போதும். 120 கி.மீ. என்றால் 21 வேண்டும். 160 கி.மீ. என்றால் 50. டயர் உராய்வு, ஏ.சி. எல்லாம் தனிக் கணக்கு.

24 கி.மீ.க்கு 200 குதிரைத்திறன்

2005-ல் வந்த புகாட்டி வேரான் காரின் திறன் 1,001 குதிரைத்திறன். உச்ச வேகம் மணிக்கு 407 கி.மீ. 2010-ல் அதன் ‘சூப்பர் ஸ்போர்ட்’ மாடல் 431 கி.மீ.யைத் தொட்டது. அதன் திறன் 1,200. வேகம் கூடியது 6 சதவீதம்தான். திறனோ 20 சதவீதம் கூட வேண்டியிருந்தது. அந்த 24 கி.மீ.க்காகச் சேர்த்த திறனில், சாதாரண ஹேட்ச்பேக் கார்கள் இரண்டை ஓட்டிவிடலாம்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸின் ‘விஷன் இக்யூஎக்ஸ்எக்ஸ்’ என்ற சோதனை மின்சார கார், 2022-ல் ஜெர்மனியிலிருந்து பிரான்ஸின் தென்கடற்கரை வரை 1,000 கி.மீ.க்கு மேல் ஒரே சார்ஜில் ஓடியது. பேட்டரி 100 யூனிட்டுக்கும் குறைவு. அது சாதித்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, காற்றை வழுக்கிக்கொண்டு போகும் அதன் உடல்வாகு. காற்றுத்தடைக் குணகம் வெறும் 0.17. இன்றைய பல கார்களில் இது 0.3-ஐ ஒட்டி இருக்கும்.

அப்போ பிஎச்பி தேவையே இல்லையா?

தேவைதான். ஓவர்டேக் செய்ய, மலை ஏற, முழு லோடுடன் கிளம்ப இன்ஜினில் பலம் வேண்டும். நகருக்குள் 30, 40 கி.மீ.யில் போகிறவர்களுக்குக் காற்று பெரிய விஷயமும் இல்லை. ஆனால், நெடுஞ்சாலைப் பயணம்தான் அதிகம் என்றால் பார்க்க வேண்டியது இரண்டு: காற்றுத்தடைக் குணகம், காரின் முன்பக்கப் பரப்பு. உயரமும் அகலமும் கூடிய எஸ்யுவி காற்றுக்கு முன் ஒரு சுவர் மாதிரி. மேலே கேரியர் வைத்தால் தடை இன்னும் கூடும்.

பிஎச்பியைக் கொட்டை எழுத்தில் போடும் நிறுவனங்கள், இந்த இரண்டு எண்களையும் அதே அளவில் போட வேண்டும் என்பதே என் கருத்து. மைலேஜும் ரேஞ்சும் நம் பாக்கெட்டைத் தொடும் விஷயம். அதைத் தீர்மானிக்கும் எண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

அதுவரை நம் கையில் இருப்பது ஆக்ஸிலரேட்டர். 100 கி.மீ. தூரத்தை 100 கி.மீ. வேகத்தில் கடக்க 60 நிமிடம்; 120 கி.மீ. வேகத்தில் 50 நிமிடம். மிச்சம் 10 நிமிடம்தான். அதற்காகக் காற்றுத்தடை 44 சதவீதமும், அதை வெல்லத் தேவையான திறன் 73 சதவீதமும் கூடுகின்றன. மின்சார கார் என்றால், அந்த 10 நிமிடம் சார்ஜிங் ஸ்டேஷனில் காத்திருப்பதிலேயே போயிடும்!